தண்ணீர் போகும் வழி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றி லண்டன் தமிழ் இளைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு

 

இந்த நாட்டில் 25 ஆண்டுகளாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு கேள்வி மாதம் தவறாமல் என்னிடம் வருகிறது. "மாமா, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா?" கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மனசுக்குள் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்று. சில பேர் முன்பணமும் கொடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். அதற்குப் பிறகு நான் என்ன சொல்லி என்ன பயன்? அதனால்தான், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பேச வேண்டியதை இங்கே பேச வந்திருக்கிறேன்.

எல்லா வண்டிகளையும் பற்றிப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5, அதிலும் 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை. முகப்பு விளக்குகள் தூங்கி எழுவதுபோல் மேலே எழும்புமே, அந்த வண்டி. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். இங்கே கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தது இதுதான். இதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மற்ற வண்டிகளைப் பார்க்கவும் கண் பழகிவிடும்.

இந்த வண்டி பிறந்த கதையில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், எளிமையான, இலேசான, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றை நீங்கள் செய்ய வேண்டும் என்றார். அப்படிப்பட்ட பிரிட்டிஷ் கார்களின் காலம் அப்போது முடிந்துகொண்டிருந்தது. யமமோட்டோ ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரை ஹக்கோனே மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தார். அந்த ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ட்ரையம்ப் ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கிச் செய்தது அது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் வந்ததில்லை, நம் ஊரில் மட்டும்தான் வந்தது. நான் ஸ்பானர் பிடிக்கப் பழகியதே திருச்சியில் ஒரு ஹெரால்டுக்கு அடியில் படுத்துத்தான்.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வெளிவந்தது. தோஷிஹிக்கோ ஹிராய் அதன் தலைமைப் பொறியாளர். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாவதை ஜப்பானியர்கள் 'ஜின்பா இட்டாய்' என்பார்கள். அதையே குறிக்கோளாக வைத்துச் செய்தார்கள். எடை ஏறக்குறைய 950 கிலோ, முன்னும் பின்னும் சரிபாதியாகப் பகிர்ந்த எடை. 1.6 லிட்டர் இன்ஜின், 114 குதிரைத்திறன். 1993-ல் 1.8 லிட்டர் வந்தது. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமாவில் உருவானது. இரண்டு இருக்கை கொண்ட திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைவிட அதிகம் விற்றது எதுவுமில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனால், முதலில் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். வீடு வாங்குவதானால் அடைமழையில் போய்ப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளையடித்த சுவர் வெயிலில் எதையும் காட்டிக்கொடுக்காது, மழை காட்டிக்கொடுத்துவிடும். காரும் அப்படித்தான்.

நான் ஏமாந்த கதை

நான் முதன்முதலில் வாங்கிய எம்எக்ஸ்-5 சிவப்பு. லண்டனுக்கு வெளியே ஒரு சிற்றூரில், நல்ல வெயில் நாளில் போய்ப் பார்த்தேன். மெருகேற்றி, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். மெக்கானிக் அல்லவா, நேரே பானெட்டைத் திறந்தேன். இன்ஜின் மணி மாதிரி ஓடியது. ஆயில் சுத்தம், புகை இல்லை, சத்தம் இல்லை. ஓட்டிப் பார்த்தேன், மனசு பறந்தது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, கூரையை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

நான்கு மாதம் கழித்து ஆண்டுச் சோதனை. இங்கே எம்ஓடி என்கிறோம். சோதனை செய்தவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. மேலே இருந்தது பெயிண்ட், அதற்குள் பட்டி, அதற்குள் ஒட்டிய வலைத்துணி. இரும்பே இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், அவ்வளவுதான். கையில் உதிர்ந்த துரு தேநீர்த்தூள் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் அறுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பெயிண்ட் அடித்து முடித்தபோது, அதே வண்டிக்கு இன்னொரு இன்ஜின் வாங்கி மாட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைத் தாண்டிவிட்டது.

அன்று கற்றேன். இந்த வண்டியின் இன்ஜின் உழைப்பாளி, பழுதானாலும் மாற்றுக் கிடைக்கும். உடல் போனால்தான் வண்டி போனது.

வாசற்படி

அந்தப் பெட்டித் தகட்டை இங்கே 'சில்' என்கிறார்கள். வாசற்படி என்று பொருள். கால் தூக்கிவைத்து வண்டிக்குள் ஏறுகிறோமே, அந்தப் படிதான். கூரை இரும்பாக இருக்கும் காரில் மேலேயும் ஒரு சட்டம் சுமை தாங்கும். திறந்த காருக்கு மேலே ஒன்றும் இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிற்பதில் இந்த இரண்டு வாசற்படிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அதனால் அங்கே துரு என்றால் அது அழகுக்குறை அல்ல, உயிருக்கே ஆபத்து.

அங்கே ஏன் துருப்பிடிக்கிறது? நம் ஊர் மொட்டைமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் விழும் மழை மூலையில் இருக்கும் குழாய் வழியாகக் கீழே இறங்கும். வேப்பிலை விழுந்து குழாயின் வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும், நாள்பட்டால் உள்ளே கூரை ஊறும். இந்த வண்டியிலும் அதேதான். துணிக்கூரையின் பின்பகுதியில் வழியும் மழை, கூரையின் அடியில் உள்ள ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு பக்கமும் இருக்கைக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். இலையும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், தண்ணீர் நிரம்பி வழிந்து வண்டிக்குள்ளும் வாசற்படிப் பெட்டிக்குள்ளும் இறங்கிவிடும். துரு உள்ளிருந்து தொடங்கி வெளியே வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால், உள்ளே வெகுகாலமாக வேலை நடந்திருக்கிறது என்று பொருள். இந்த நாட்டில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுகிறார்கள். அது கீழிருந்து அரிக்கிறது. மேலிருந்து மழை, கீழிருந்து உப்பு.

எப்படிப் பார்ப்பது? பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்காருங்கள். கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், விரலை வளைவின் உள்பக்கம் விட்டுத் தடவுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வாசற்படி முழுக்க நகர்த்துங்கள். இரும்பிருக்கும் இடத்தில் இழுக்கும், பட்டி பூசிய இடத்தில் இழுக்காது. இடமும் வலமும் ஒரே மாதிரி இழுக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த வண்டியின் பானெட் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டவில்லை என்று பயந்துவிடாதீர்கள்.

பிறகு கீழே குனிந்து, ஜாக்கி வைக்கும் விளிம்பைப் பாருங்கள். இரண்டு தகடுகள் சேர்த்து மடித்த விளிம்பு அது. நசுங்கியிருந்தால் அங்கே பெயிண்ட் உடைந்து துரு தொடங்கியிருக்கும். கறுப்புத் தார் மாதிரிப் பூச்சு புதிதாக, திட்டுத்திட்டாகப் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பழைய வெல்டிங் இருந்தால் அதுவே குறையாகிவிடாது. ஒட்டுப்போட்ட தகட்டின் ஓரம் முழுவதும் தொடர்ச்சியாக வெல்டிங் ஓட வேண்டும், அங்கங்கே புள்ளி வைத்தாற்போல் இருக்கக் கூடாது. சோதனை விதியும் அதைத்தான் சொல்கிறது. சீட் பெல்ட்டும் சஸ்பென்ஷனும் பூட்டியிருக்கும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு அரித்துப் பலம் இழந்திருந்தால் வண்டி தேறாது.

அடுத்து இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளத்தில் கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். ஈரம் தட்டுகிறதா, பூஞ்சை வாசம் வருகிறதா பாருங்கள். துணிக்கூரையின் மடிப்புகளில் கிழிசல் பாருங்கள். முதல் தலைமுறையில் பின்கண்ணாடி பிளாஸ்டிக், ஜிப் வைத்தது. கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து படுக்கவைக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே மடக்கியவர்களின் வண்டியில் பிளாஸ்டிக் வெடித்தும் மங்கியும் இருக்கும். டிக்கியைத் திறந்து தரைவிரிப்பைத் தூக்குங்கள். இந்த வண்டிக்கு பேட்டரி டிக்கியில்தான். வாயு வெளியே போகக் குழாய் வைத்த பேட்டரிதான் போட வேண்டும். காசு மிச்சம் என்று சாதாரண பேட்டரியை வைத்தவர்களின் வண்டியில் அமிலம் சுற்றியுள்ள தகட்டைத் தின்றிருக்கும். விரிப்புக்கு அடியில் தகடு சுருங்கி அலையலையாக இருந்தால் பின்னாலிருந்து இடி வாங்கிய வண்டி.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பானெட்டைத் திறக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது.

குளிர்ந்த இன்ஜின்

பார்க்கப் போகும் முன்பே, "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் சொல்லும் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. இன்னொரு நாள் வாருங்கள்.

குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம் வரலாம். வால்வுகளை இயக்கும் ஹைட்ராலிக் லிஃப்டர்களில் ஆயில் நிரம்பும் வரை அப்படித்தான். சற்று நேரத்தில் அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். சூடேறிய பிறகும் அடங்கவில்லை என்றால், ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டி. பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்ந்து நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் மாதிரிப் படிந்திருந்தால், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் சேரும் ஈரமாகவும் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போனதாகவும் இருக்கலாம். கூலன்ட் அளவையும் நிறத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

1989 முதல் 1991 தொடக்கம் வரை வந்த 1.6 இன்ஜின்களுக்கு ஒரு தனிக் குறை உண்டு. கிராங்க் தண்டின் முன்முனை குட்டையாக இருக்கும். அந்த முனையில் பல்சக்கரத்தை இடம் மாறாமல் பிடித்திருப்பது ஒரு சின்னச் சாவித் துண்டு. டைமிங் பெல்ட் மாற்றும்போது நடு போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் முடுக்காமல் விட்டால், அந்தத் துண்டு இருக்கும் பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பல்சக்கரம் ஆடும், டைமிங் தவறும், வண்டிக்கு இழுவை குறையும். முன்பக்கக் கப்பியில் நான்கு பள்ளம் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் பிறகு வந்த நீள முனை. ஓடும்போது கப்பி ஆட்டமில்லாமல் சுற்றுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குட்டை முனை என்பதற்காக ஒதுக்க வேண்டாம். யார் பெல்ட் மாற்றினார், எப்போது மாற்றினார் என்ற ரசீதைக் கேளுங்கள்.

டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குறைவாக ஓடிய வண்டியானாலும் ரப்பருக்கு வயதாகிறது என்பதை மறக்கக் கூடாது. பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது நல்ல பட்டறைக்காரர்களின் வழக்கம். நல்ல வேளையாக, இந்த 1.6 இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்குமே தவிர, வால்வு பிஸ்டனில் மோதி வளையாது.

ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பாருங்கள். அது பிளாஸ்டிக். புதிதில் கறுப்பாக இருக்கும், வயதாக ஆகப் பழுப்பாகும். பழுப்பேறிய தொட்டி விரிசல் விடும் நாள் தூரத்தில் இல்லை. விரிசல் விட்டதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினையே பலி வாங்கும். இங்கேயும் தண்ணீர்தான், பாருங்கள்.

1995-க்குப் பிறகு இங்கே விற்ற 1.6 வண்டிகளின் இன்ஜின் திறன் குறைத்து அமைக்கப்பட்டது, 90 குதிரைத்திறன்தான். முந்தைய 1.6 என்று நினைத்து அதே விலை கொடுத்துவிடாதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் இன்சூரன்ஸ். உங்கள் பெயரில் இல்லாமல் சாலைக்கு எடுக்காதீர்கள். ரேடியோவை அணையுங்கள். விற்பவர் பேசிக்கொண்டே வந்தால், மரியாதையாக, ஐந்து நிமிடம் அமைதியாக ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

இந்த வண்டியின் கியர் மாற்றம் குட்டையானது, சுகமானது. குளிரில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சூடானதும் சரியாகிவிட வேண்டும். நிற்கும்போது முதல் கியரோ ரிவர்ஸோ விழ மறுத்தால் கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். இந்த வண்டியில் அது அடிக்கடி போகும் பொருள், மாற்றுவது பெரிய வேலையில்லை. கியர் கம்பியைச் சுற்றி உள்ளே அனல் அடித்தால் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது.

திரும்பி வந்து நிறுத்தியதும், நான்கு சக்கரங்களின் அருகேயும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், அருகே போதும். பின்சக்கரம் ஒன்று மற்றதைவிட நன்றாகக் கொதித்தால் அந்த பிரேக் காலிப்பர் இறுகிக்கிடக்கிறது. நின்றே கிடந்த வண்டிகளில் இது சாதாரணம். ஹேண்ட் பிரேக்கைச் சரிவில் நிறுத்திச் சோதியுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும், வயதான ரப்பர் கல்லாகிவிடும். பின்சக்கரம் தள்ளும் இலேசான வண்டி, ஈரச் சாலை, கல்லான டயர் என்ற மூன்றும் சேர்ந்தால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். உங்கள் அம்மா அப்பாவை மனதில் வைத்துச் சொல்கிறேன், டயருக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

காகிதங்கள்

மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். கூடவே யார் வீட்டு மாடு என்றும் விசாரிப்பார்கள். காருக்கு அந்த விசாரணையை வீட்டிலிருந்தே செய்யலாம். பதிவு எண்ணை வைத்து 2005 முதல் நடந்த எம்ஓடி சோதனைகளின் முடிவுகளை அரசின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் ஓடிய மைல், எதில் தோற்றது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் எல்லாம் இருக்கும். வாசற்படியில் துரு என்று ஓர் ஆண்டு எழுதி, அடுத்த ஆண்டு அந்தப் பேச்சே இல்லாமல் போயிருந்தால், நடுவில் என்ன வேலை நடந்தது என்று கேட்டு ரசீது வாங்கிப் பாருங்கள். மைல் கணக்கு ஓர் ஆண்டைவிட அடுத்த ஆண்டு குறைந்திருந்தால் பார்க்கவே போக வேண்டாம்.

பதிவுப் புத்தகம் கையில் இருப்பதால் வண்டி அவருடையதாகிவிடாது. அது உரிமைச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்று தனியாகப் பணம் கட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் அறையின் பின்சுவரில் பொறித்திருக்கும். புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் வண்டிகளும் இங்கே நிறைய உண்டு. பின்னால் நம்பர் பிளேட் உட்காரும் பள்ளம் குட்டையாக, சதுரத்துக்கு நெருக்கமாக இருந்தால் அது ஜப்பான் வண்டி. இங்குள்ள உப்பை அதிக ஆண்டுகள் தின்னாததால் அடிப்பாகம் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு.

லண்டனில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரம் முழுவதும் யூலெஸ் என்னும் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம். இந்தத் தலைமுறை வண்டி பொதுவாக அதன் அளவுகோலை எட்டுவதில்லை, அதனால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட் கட்ட வேண்டும். 40 வயதைத் தாண்டி வரலாற்று வண்டியாகப் பதிந்த பிறகே விலக்கு. மிகப் பழைய எம்எக்ஸ்-5-க்கும் அந்த வயது இன்னும் வரவில்லை. வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

மற்ற வண்டிகளுக்கு

ஒவ்வொரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இப்படி ஒரு பலவீனமான இடம் உண்டு. 1962-ல் வந்த லோட்டஸ் எலானின் உடல் ஃபைபர் கிளாஸ், அதற்குத் துருவே இல்லை. ஆனால் நடுவில் முதுகெலும்பாக ஓடும் எஃகுச் சட்டத்துக்குத் துரு உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. எம்ஜிபி-க்கு எம்எக்ஸ்-5 மாதிரியே வாசற்படி. 1996-ல் வந்த போர்ஷே பாக்ஸ்டரிலும் அதே காலத்து 911-லும் இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங். அது உடைந்தால் இன்ஜினே போய்விடும், அதை மாற்றிய ரசீதுக்குத் தனி மதிப்பு. எந்த வண்டியை விரும்பினாலும், பார்க்கப் போகும் முன் அதன் பலவீனமான இடம் எது என்று அந்த வண்டியையே வைத்திருப்பவர்கள் நான்கு பேரிடம் கேளுங்கள். போனதும் அங்கே முதலில் குனியுங்கள்.

குறை இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முப்பது வயதான வண்டியில் குறை இல்லாமல் இருக்காது. பிரேக் காலிப்பர், ஸ்லேவ் சிலிண்டர், ரேடியேட்டர், துணிக்கூரை இவையெல்லாம் பணம் கொடுத்தால் தீரும் குறைகள். எழுதி வைத்து, செலவைக் கணக்கிட்டு, விலையில் குறைத்துக் கேளுங்கள். மாஸ்டாவே 2017-ல் ஜப்பானில் இந்த வண்டிகளைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கி, பழைய உதிரிகள் சிலவற்றை மீண்டும் செய்யத் தொடங்கியது. உதிரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாசற்படி இரண்டும் போயிருந்தால், நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். தூரம் வந்துவிட்டோமே என்று வாங்காதீர்கள். வந்த தூரத்துக்கான பெட்ரோல்தான் நஷ்டம்.

முடிக்கும் முன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி முடித்த ஒரு தம்பி என்னைக் கூடக் கூட்டிக்கொண்டு போனான். வண்டி கரும்பச்சை. பெயிண்ட் மங்கிக் கிடந்தது, கதவில் கீறல். அவன் முகம் வாடிவிட்டது. "மாமா, போன வாரம் பார்த்த சிவப்பு வண்டி எப்படிப் பளபளவென்று இருந்தது!" என்றான். "பொறுப்பா" என்றேன். விற்றவர் வயதான ஓர் ஆங்கிலேய அம்மையார். ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே 18 ஆண்டு ரசீதுகள், தேதி வரிசையில்.

நான் அவரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். குடிக்க என்று நினைத்து, ஐஸ் போட்டுக் கொண்டுவந்தார். அனுமதி கேட்டு, கூரையைப் பாதி இறக்கி, இருக்கைக்குப் பின்னால் இருந்த துளையில் மெதுவாகப் பாதி டம்ளரை ஊற்றினேன். "தம்பி, கீழே குனிந்து பார், என்ன தெரிகிறது?" அவன் தார்ச்சாலையில் கன்னம் படப் படுத்துக்கொண்டான். ஒரு நொடி, இரண்டு நொடி. "விழுது மாமா. சக்கரத்துக்கு முன்னால். தெளிவா விழுது." மறுபக்கமும் ஊற்றினேன், அங்கேயும் விழுந்தது. அந்த அம்மையாருக்கு உடனே புரிந்துவிட்டது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தன் கணவர் ஒரு நைலான் கயிற்றை விட்டு அந்தத் துளைகளைச் சுத்தம் செய்வார் என்றும், அவர் போன பிறகு தானே செய்வதாகவும் சொன்னார். பிறகு கராஜுக்குள் போய் அந்தக் கயிற்றை எடுத்துவந்து தம்பியின் கையில் கொடுத்தார். விலை பேசுவதற்கு முன்பே கொடுத்துவிட்டார்.

அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. மங்கிய பெயிண்ட் மங்கியபடிதான் இருக்கிறது. வாசற்படி கல் மாதிரி நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, இலை உதிரும் காலத்தில், அந்தத் தம்பி என் பட்டறைக்கு வந்து கயிற்றை விட்டுத் துளைகளைத் துழாவிவிட்டுப் போகிறான்.

அடுத்த வாரம் யாராவது வண்டி பார்க்கப் போவதாக இருந்தால், காந்தத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.